டேங்கு மாமன் காட்டிய விரல்

பூசிய மஞ்சள் காய்ந்து வரும்போது கன்னத்துத் தோல் இழுக்கும். சிரித்தால் உதட்டோரம் பொடிப்பொடியாக உதிரும். "வாயத் தொறக்காம உக்காரு கண்ணு" என்று அதட்டி, பெருந்துறைக்குப் பக்கத்தில் இருந்த அப்பாவின் ஊரில், வீட்டு வாசலில் போட்ட பந்தலுக்குள் என்னை ஒரு மர நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். தொண்ணூறுகளின் கடைசி அது. நான் எட்டாவது படித்துக்கொண்டிருந்தேன். நான் பெரியவளாகிவிட்டதை ஊரையே கூட்டிவைத்துச் சொல்கிற "சீர்" அன்றைக்கு. என்கூடப் படிக்கிற பையன்கள் முன்வரிசைப் பாயில் உட்கார்ந்து, முறுக்கைக் கடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண்ணுக்கு இதைவிட மானக்கேடு எதுவும் இருக்க முடியாது என்று நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டேன்.

தாய்மாமன் முதல் மாலையைப் போட்டால்தான் மற்றவர்கள் சீர் செய்ய முடியும். அம்மாவுக்குப் பிறந்த வீடென்று மிஞ்சியிருந்தது ஒரே ஒரு தம்பி. பெற்றவர்கள் போய்ச்சேர்ந்து, இருந்த காடு தோட்டமும் கைமாறிய பிறகு, "உனக்கென்ன அம்மணி, பொறந்த ஊட்டுக்குப் போற பஸ்சு காசு மிச்சம்" என்று அப்பாவின் அக்கா, அதாவது என் அத்தை, ஒவ்வொரு நோம்பி பண்டிகைக்கும் அம்மாவைக் குத்திக்காட்டாமல் இருந்ததில்லை. என் சீருக்கு நாள் குறித்த அன்றிலிருந்துதான் அம்மாவின் குரல் கொஞ்சம் உயர்ந்தது. எந்தம்பி வருவான், வந்து எப்படிச் செய்கிறான் என்று பாருங்கள் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

சொன்னபடி மாமாவும் வந்தார். கோயமுத்தூரில் நூல் ஏஜென்சி வைத்திருந்தவர், வாடகைக் கார் நிறையத் தட்டுகளும் பட்டும் பழமும் மாலையுமாக வந்து இறங்கினார். சட்டைப் பையில் செல்போன், அதன் ஏரியல் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. எங்கள் ஊர் அதுவரை அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. சீர்த்தட்டைப் பார்க்க வேண்டிய சனமெல்லாம் மாமாவின் பையைப் பார்த்தது. அத்தைகூட அதைக் கையில் வாங்கி, சோப்பு டப்பா கனம்தான் இருக்கிறது என்றாள். அம்மாவுக்கு முகமெல்லாம் பூரிப்பு. ஆனால் எங்கள் ஊரில் "டவர்" கிடைக்கவில்லை, மாமாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. எடுப்பார், தூக்கிப் பிடிப்பார், நாலு திசையும் திரும்புவார், பையில் போடுவார், போட்ட கை வெளியே வருவதற்குள் மறுபடி எடுப்பார். யாரும் அவரைக் கூப்பிட்டிருக்கவில்லை. கூப்பிட்டிருந்தால் என்ன ஆகும் என்பதுதான் அவருக்குக் கவலை. ஊரிலேயே உயரமான இடம் எது என்று பந்தலில் விசாரித்தார். வேலையற்ற யாரோ ஒருவர் பஞ்சாயத்துத் தண்ணி "டேங்கைக்" கை காட்டிவிட்டார். "ஒரே ஒரு போனுங்கக்கா, பேசிப்போட்டு வந்தர்றேன்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகு காலம். தட்டெல்லாம் வரிசையாக வைத்தாயிற்று, மேளக்காரர்களும் ஒரு சுற்று வாசித்து ஓய்ந்துவிட்டார்கள், மாமாவைக் காணோம். பந்தல் ஓலைக்கு நடுவே எனக்கு டேங்கு தெரிந்தது. அதன் உச்சியில் வெள்ளை வேட்டி பறக்க, ஒரு காதில் போனும் மறு காதைப் பொத்திய கையுமாக நின்றுகொண்டிருந்தார். ஆள் அனுப்பியும் இறங்கவில்லை. கடைசியில் அம்மாவே போனாள், பட்டுச் சேலையைக் கொசுவத்தோடு தூக்கிப் பிடித்துக்கொண்டு, செருப்புக்கூட இல்லாமல். கீழே நின்று அண்ணாந்து அவள் என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. மாமா குனிந்து பார்த்ததும், பேச்சை நிறுத்தாமல் ஒரு விரலை உயர்த்திக் காட்டியதும் தெரிந்தது. ஒரு நிமிஷம் பொறு என்று. அம்மா நின்றாள். மறுபடியும் கூப்பிட்டாள். மறுபடியும் அதே விரல். அதற்குள் பந்தலே திரும்பி உட்கார்ந்து அந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

"ஏனம்மணி, உந்தம்பி மாலை போட வந்தானா, போன் பேச வந்தானா?" என்று திரும்பி வந்தவளிடம் அத்தை கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். முன்வரிசைப் பையன்களும் சிரித்தார்கள். நேரம் தப்பப் போகிறது என்று, பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்த அம்மாவின் ஒன்றுவிட்ட அண்ணனை இழுத்து வந்தார்கள். அவர் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு எனக்கு மாலை போட்டார். மாலையைவிடச் சாம்பார்தான் அதிகம் மணத்தது. எனக்கு என் வெட்கமெல்லாம் எங்கோ போய்விட்டது. அம்மாவின் முகத்தைப் பார்க்கத்தான் கூச்சமாக இருந்தது.

மாமா இறங்கி வந்தார். நூல் லோடு லாரியில் ஏறிவிட்டதாம், சிரித்துக்கொண்டே சொன்னார். என் கழுத்தில் மாலையைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. "சாப்புட்டுட்டுப் போ தம்பி" என்று அம்மா இலை போட்டாள். அதன்பிறகு எங்கள் சொந்தத்தில் அவருக்கு "டேங்கு மாமன்" என்றே பேர். பிறந்த வீட்டுப் பெருமையை அம்மா அப்புறம் வாயால் எடுத்ததே இல்லை.

இப்போது நான் துடியலூரில் இருக்கிறேன், அம்மா என்னோடுதான் இருக்கிறாள். மாமாவுக்குக் காது போய்விட்டது, போன் வைத்துக்கொள்வதில்லை. போன வாரம் ஒரு சாயங்காலம், யாரோ முன்பின் தெரியாதவர்கள் வீட்டுக் கல்யாணத்தைச் செல்போனில் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா பக்கத்தில் வந்து, கண்ணு, என்று ஏதோ ஆரம்பித்தாள். நான் தலையைத் தூக்காமல் ஒரு விரலைத் தூக்கினேன். அந்தக் கல்யாணம் முடிந்து, அடுத்த வீடியோவும் ஓடி முடிந்த பிறகு நிமிர்ந்தால், அவள் அப்படியே நின்றுகொண்டிருக்கிறாள்.

"அவனாச்சும் டேங்கு மேல நின்னான் கண்ணு. நீ இங்கயேதான இருக்கறே" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அந்த டேங்கை இடித்துவிட்டார்கள். அதற்குப் பக்கத்துக் காட்டில் செல்போன் டவரே நிற்கிறது; ஊருக்கு முன்னால் ஏறி நின்று மானம் போகிற சிரமம் இனி யாருக்கும் கிடையாது, உட்கார்ந்த இடத்திலேயே விரலைக் காட்டலாம். போன வாரம் என்ன சொல்ல வந்தாள் என்று அம்மாவிடம் எத்தனையோ தடவை கேட்டுப் பார்த்துவிட்டேன். மறந்துபோச்சு கண்ணு என்கிறாள்.