தண்டவாள மணி

வத்திராயிருப்புக்கு மேற்கே நான் கணக்குப் பார்த்த பண்ணையில், வேப்பமரக் கிளையொன்றில் முழ நீளத் தண்டவாளத் துண்டு சங்கிலியில் தொங்கியது. அடிக்க, பக்கத்திலேயே கயிற்றில் ஓர் இரும்பு போல்ட். காலை எட்டுக்கு எட்டு அடி, மதியம் ஒன்றுக்கு ஒன்று, மாலை ஐந்துக்கு ஐந்து. அடிப்பது என் வேலை. எண்பதுகளில் நான் அங்கிருந்த வரை ஓர் அடிகூட கூட்டியதில்லை, குறைத்ததில்லை. நேரம் தவறியதுண்டு, அது என் கடிகாரத்தின் குற்றமன்று.

நடவுக் காலத்தில் முதலாளி ராஜபாளையத்திலிருந்து ஜீப்பில் வந்து வரப்பில் நிற்பார். காலை மணி நிமிஷம் பிசகக் கூடாது. மாலை மணியை மட்டும் "செத்த பொறுங்க" என்று நிறுத்திவைப்பார். மணி அடிக்காமல் நடவுப் பெண்கள் வயலைவிட்டு ஏற மாட்டார்கள், அது வழக்கம். ஐந்தரை பஸ் போய்விட்டால் கூமாப்பட்டிக்கு இருட்டில் நடைதான். அந்த வருஷம் ஒருத்தி கைக்குழந்தையை வீட்டில் விட்டு வந்திருந்தாள். பால் கட்டி, குனிய முடியாமல் குனிந்து நட்டுக்கொண்டிருந்தாள்.

ஆட்களைக் கூட்டிவருபவளை எல்லோரும் மதினி என்போம். அவள் முழங்கால் சேற்றோடு மரத்தடிக்கு ஏறி வந்தாள்.

"கணக்கய்யா, மணி எம்புட்டு?"

முதலாளி என்னைப் பார்த்தார். "அஞ்சு பத்து" என்றேன்.

மதினி போல்ட்டை எடுத்து ஐந்து அடித்தாள்.

"யாரைக் கேட்டு அடிச்ச?" என்றார் முதலாளி.

"காலையில நீங்க அடிக்கையில நாங்க யாரைக் கேட்டோம், மொதலாளி? ஓடித்தான வந்தோம்."

பெண்கள் கரையேறினார்கள். பஸ்ஸைப் பிடித்துவிட்டார்கள். ஆனால், "நாளைக்கு வேற ஆளு வரும்" என்று அவர்கள் காதில் விழும்படி முதலாளி சொல்லியிருந்தார். நடவு மாதத்தில் இந்த வேலை போனால் அவர்களுக்கு வேறு போக்கில்லை. கட்டுப் பிரிக்காத நாற்றுமுடிகள் நாற்பத்தொன்று வயலிலேயே கிடந்தன.

மறுநாள் எட்டாவதற்கு முன்பே போனேன். அதே பெண்கள் வந்து அவற்றில் பாதியை நட்டு முடித்திருந்தார்கள். மதினி நிமிராமலே சொன்னாள்: "மொதலாளிக்கும் எங்களுக்கும்தான வழக்கு? நாத்து என்ன செஞ்சிச்சு, பாவம்."

ஜீப்பிலிருந்து இறங்கிய முதலாளி வழக்கம்போல் வரப்பில் போய் நின்றார். யாரையும் போகச் சொல்லவில்லை. அன்று மாலை ஐந்துக்கு அவரே போல்ட்டை எடுத்து என் கையில் கொடுத்தார்.

போன மாதம் அந்தப் பக்கம் போனேன். தண்டவாளம் இன்னும் தொங்குகிறது. சங்கிலியை மரப்பட்டை விழுங்கிவிட்டது. வயல் தோப்பாகிவிட்டது. சிலர் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரி செல்போனில் பேசிக்கொண்டிருந்தான். ஐந்து தாண்டி ஒன்பது நிமிஷம். ஒருவரும் எழவில்லை. போல்ட்டைக் காணோம். ஒரு கல்லை எடுத்து ஐந்து அடித்தேன்.

யாரையும் கேட்கவில்லை.