தீ சுடாத வருஷம்

எங்கள் ஊர் திரௌபதி அம்மன் கோயிலில் பன்னிரண்டு வருஷம் தீ மிதித்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் சுட்டது. சுடாது என்று சொல்பவன் பொய் சொல்கிறான். சுடும், ஆனால் அம்மா தாங்க வைப்பாள். அருள் என்பது அதுதான். மூன்று வருஷத்துக்கு முன்னால், பதிமூன்றாவது தடவைதான் எனக்குச் சுடவே இல்லை.

குழியில் இறங்கி நிதானமாக நடந்தேன். ஒன்றுமே தெரியவில்லை. கடைசியில் பால் ஊற்றிய குழியில் கால் வைத்தபோது அந்தக் குளிர்ச்சியும் தெரியவில்லை. "பெரியப்பா ஓடவே இல்ல பாத்தியா! மார்க்கெட்டுக்குப் போற மாதிரி இல்ல நடந்து போறாரு!" என்று பங்காளி மகன் கத்தினான். பெண்கள் என் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். அம்மா கண் திறந்துவிட்டாள் என்று நானும் அழுதேன்.

எனக்குச் சர்க்கரை வியாதி இருப்பது அதற்கு ஆறு வருஷம் முன்பே தெரியும். விரதத்தில் மருந்து என்ன மருந்து என்று, காப்புக் கட்டிய அன்றே மாத்திரையை நிறுத்தியிருந்தேன். எந்தப் பூசாரியும் சொல்லவில்லை, எனக்கு நானே போட்டுக்கொண்ட சட்டம். காப்பு அவிழ்த்த பிறகும் அதைத் தொடவில்லை. நெருப்பே சுடாத உடம்புக்கு மாத்திரை எதற்கு?

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் பக்கத்துக் கம்பெனி ஒன்றுக்கு வேலைக்குப் போகும் பெண்களை பஸ்ஸில் ஏற்றிப்போவது என் பிழைப்பு. நாற்பது பேர். காலை ஐந்தரைக்கு முதல் ஸ்டாப்பிங். டிரைவர் தொழில் கையில் இருக்கிறது என்று நினைப்பார்கள். பிரேக் எவ்வளவு இறங்குகிறது, கிளச் எங்கே பிடிக்கிறது என்பதெல்லாம் பாதத்துக்குத்தான் தெரியும்.

தீ மிதித்த அடுத்த மாதம் ஒரு வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு வெறுங்காலோடு வீட்டுக்கு வந்தேன். பின்னாலிருந்து மனைவியின் குரல். "இன்னாங்க இது? தெருவுல இருந்து சாமி ரூம் வரைக்கும் ரத்தம்!"

என் காலில் ஒரு கண்ணாடிச் சில்லு ஏறியிருந்தது. அதன் மேலேயே நடந்து வந்திருக்கிறேன்.

"வலிக்கலையா?"

"தீயே சுடல, இதுவா வலிக்கும்?" என்று சிரித்தேன்.

அவள் சிரிக்கவில்லை. தரையைத் துடைத்துக்கொண்டே, "வலியும் அவ குடுத்ததுதானேங்க. அத எதுக்குத் திருப்பி வாங்கிக்கினா?" என்றாள்.

பத்து நாள் கழித்து, சாயங்காலம் திரும்பும்போது, கூட்டேரிப்பட்டு கூட்ரோட்டில், முன்னால் போன ஸ்கூட்டி சட்டென்று நின்றது. ஓட்டியவள் பின்னால் ஒரு குழந்தை, ஸ்கூல் பையோடு. பிரேக்கை மிதித்தேன். மிதித்ததாகத்தான் நினைத்தேன். வண்டி போய்க்கொண்டே இருந்தது. குனிந்து பார்த்தால் என் கால் பிரேக்குக்குப் பக்கத்தில் வெறும் தகட்டை அழுத்திக்கொண்டிருக்கிறது. கண்ணால் பார்த்துக் காலைத் தூக்கி பிரேக்கில் வைத்தேன். பஸ் நின்றபோது இடைவெளி ஒரு முழம்கூட இல்லை.

"டிரைவரண்ணா, தூங்கிக்கினு ஓட்டுறியா? எங்கள மொத்தமா மேல அனுப்பிட்டா ஓவர்டைம யாரு பாப்பா?" என்றாள் ஒருத்தி. பயத்தில் எல்லோரும் சிரித்தார்கள்.

"பிரேக்குல இன்னாவோ பேஜாரும்மா" என்றேன்.

அன்றே மெக்கானிக்கிடம் காட்டினேன். கீழே படுத்துப் பார்த்துவிட்டு, "பிரேக்ல ஒண்ணும் இல்லண்ணே, சும்மா கிண்ணுனு பிடிக்குது" என்றான். மறுநாள் நான் வண்டி எடுக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா என்னைப் படுக்க வைத்து, கண்ணை மூடச் சொன்னார். அவர் கையில் தூண்டில் நரம்பு போல ஒரு நைலான் இழை. "பாதத்துல தொடுவேன். தொடும்போது சொல்லுங்க."

காத்திருந்தேன். ரொம்ப நேரமாகியும் தொடவில்லை. "ஆரம்பிங்கம்மா" என்றேன்.

"முடிச்சிட்டேங்க" என்றார்.

போன உணர்ச்சி திரும்புவது கஷ்டம், இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார் டாக்டர். பஸ் சாவியைக் கொடுத்துவிட்டேன். இப்போது அதே கம்பெனி கேட்டில் உட்கார்ந்து வண்டி நம்பர் எழுதுகிறேன். மாத்திரை, நடை, ராத்திரிக்குக் கேப்பைக் களி. இருபத்திரண்டு வருஷத் தொழில் மறக்கவில்லை. உடம்புதான் அதைச் செய்ய வராது என்கிறது.

இந்த வருஷம் தீமிதியன்று கயிற்றுக்கு வெளியே நின்று கும்பிட்டேன். இப்போது என் பஸ்ஸை ஓட்டுகிறவன் எங்கள் தெருக்காரன்தான், நாற்பது வயதுகூட ஆகவில்லை. குழியில் நிதானமாக நடந்து வந்தான். ஊரே கோவிந்தா போட்டது. காலில் பால் சொட்டச் சொட்ட நேரே என்னிடம் வந்தான்.

"அண்ணே, உங்கள மாதிரியேண்ணே! துளிகூட சுடல!"

அப்படியே மண்ணில் உட்கார்ந்து அவன் காலை இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன். கீழே கிடந்த வேப்பிலைக் காம்பை எடுத்தேன். "கண்ண மூடு. தொடும்போது சொல்லு."

"இன்னாண்ணே, காலுக்கு ஜோசியமா?" என்று சிரித்தபடியே மூடினான்.

பெருவிரலில் தொட்டேன். நடுப்பாதத்தில், குதிகாலில். அவன் சிரித்த முகத்தோடு காத்துக்கொண்டிருந்தான். விடிந்தால் ஐந்தரைக்கு அந்தப் பெண்கள் ரோட்டோரம் வந்து நிற்பார்கள். தாயே, இவனுக்கு வலியைக் கொடு என்று வேண்டிக்கொண்டு, காம்பை இன்னும் அழுத்திக் குத்தினேன்.