பச்சைப் பக்கம், மரப் பக்கம்

ஆவடி ராணுவத் தொழிற்சாலை குவார்ட்டர்ஸில் எங்கள் வீட்டுக் கதவு பச்சை, எதிர்வீட்டுக் கதவு பச்சை, தண்ணீர்த் தொட்டியின் மூடியும் பச்சை. கல்யாணமாகி வந்த புதிதில் காய்கறிப் பையோடு பக்கத்து வீட்டுக்குள் நுழைந்து, அடுப்படி வரைக்கும் போய்விட்டேன். அன்றிலிருந்து அந்த நிறத்தைக் கண்டாலே எனக்கு ஆகாது. எண்பதுகளின் கடைசியில் அண்ணனூரில் சொந்தமாக வீடு கட்டியபோது நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். வாசல் கேட் மரத்தில் வேண்டும், அது மரமாகவே தெரிய வேண்டும்.

என் வீட்டுக்காரருக்கு அந்தத் தொழிற்சாலையில் பெயிண்ட் பிரிவில் வேலை. தான் பச்சை அடித்து அனுப்பிய ராணுவ வண்டிகளை நினைத்துத் தூக்கத்திலும் பெருமைப்படுகிற ஆள். மரக் கேட்டுக்குச் சரி என்றார். பூந்தமல்லி பழைய மரக்கடையில் வேங்கைப் பலகைகள் வாங்கி, இடைவெளி இல்லாமல் அடைத்து, நெஞ்சுயரத்துக்கு ஒரு கேட் செய்யவைத்தார். அதன்மேல் எதைப் பூசுவது என்பதில்தான் சண்டை.

"பச்சை பெயிண்ட் அடிச்சிடலாம். அந்த வண்டியெல்லாம் பாலைவனத்துலயே நிக்குது" என்றார்.

"நம்ம வாசல்ல பாலைவனமா இருக்கு? மழை பெஞ்சா முழங்கால் தண்ணி" என்றேன்.

"அப்ப இன்னும் நல்லது. தண்ணியும் எறங்காது."

நானே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். கடைசியில் இருவருமாகப் பூந்தமல்லியில் ஒரு பெயிண்ட் கடைக்குப் போனோம். நான் வார்னிஷ் டப்பாவைக் கையில் எடுத்ததுமே கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார்.

"யக்கா, அது ஊட்டுக்குள்ள அடிக்கறது. வெயில்ல வெச்சா உரிஞ்சிகினு பூடும். வெளிய நிக்கற கட்டைக்கு ஒண்ணு லின்சீட் எண்ணெ தேய், இல்லாங்காட்டி பெயிண்ட் அடி. எண்ணெ தேச்சா மரம் சும்மா தகதகன்னு தெரியும். ஆனா வருசா வருசம் தேச்சிகினே இருக்கணும்."

"பெயிண்ட்னா?" என்று என் வீட்டுக்காரர் ஒன்றும் தெரியாதவர் போலக் கேட்டார்.

"அட்ச்சிட்டு மறந்துடலாம் சார்."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே! நான் எண்ணெய் டின்னை விடவில்லை. அவர் பச்சையை வாங்கினார். பஸ்ஸில் ஆளுக்கொரு டின்னை மடியில் வைத்துக்கொண்டு வந்தோம்.

பல நாள் கேட் கூடத்தில் சாய்ந்து கிடந்தது. திறந்த வாசல் வழியாக ஆடுகள் வந்து என் மல்லிகைச் செடியை மொட்டையடித்தன. அந்தச் சமயம் பார்த்து நான் அம்மா வீட்டுக்குப் போய்வர வேண்டியிருந்தது. திரும்பி வந்தால் கேட் மாட்டியாகிவிட்டது. எண்ணெய் குடித்த வேங்கை, தேன் நிறத்தில் ரேகை ரேகையாக நின்றது. பார்க்கப் பார்க்க மனசு நிறைந்தது. திறந்துகொண்டு உள்ளே போய்த் திரும்பினேன். உட்பக்கம் பூராவும் பச்சை.

"வெளிய உன் ஆசைக்கு, உள்ள என் நிம்மதிக்கு" என்றார். நியாயம்தானே என்று நானும் சிரித்துவிட்டேன்.

மறுநாள்தான் உறைத்தது. அவர் காலையில் வேலைக்குப் போய்விடுகிறார். நாள் முழுக்க உள்ளே இருப்பவள் நான். துணி உலர்த்தினால் பச்சை, அரிசி புடைத்தால் பச்சை. பச்சைக்கு உயிரை விடுகிற மனிதரோ தினமும் மரத்தைப் பார்த்துக்கொண்டு வீடு திரும்புகிறார். ஆகவே சாயங்காலமானால் நான் கேட்டுக்கு வெளியே போய் நின்றுகொள்வேன். மேற்கு வெயில் நேராக மரத்தில் விழும் நேரம் அது. அவருடைய சைக்கிள் தெருமுனையில் திரும்புவதும் அதே நேரத்துக்குத்தான்.

"இன்னா பாசம்! டெய்லி ஊட்டுக்காரருக்காக வாசல்லயே நின்னுகினு கீறியே" என்று எதிர்வீட்டு அக்கா கேலி செய்வாள். நான் மறுக்கவில்லை.

ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் போயின. மரப் பக்கம் வெளுக்க ஆரம்பித்தது. "வெயில் படற பக்கம் எண்ணெ, படாத பக்கம் பெயிண்ட்! எவனாவது இப்படிப் பண்ணுவானா?" என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டு கேட்டைக் கழற்றினார். மரப் பக்கத்துக்கு மறுபடி எண்ணெய் தேய்த்து, பச்சை தெருவைப் பார்க்கும்படி திருப்பி மாட்டினார். எனக்கு வந்த சந்தோஷம் சொல்லி முடியாது. மறுநாள் முற்றத்திலேயே உட்கார்ந்து, மரத்தைப் பார்த்தபடியே எல்லா வேலையும் செய்தேன்.

சாயங்காலம் உள்ளே வந்தவர் முகம் ஒரு மாதிரி இருந்தது. "உடம்பு சரியில்லையா?" என்றார்.

"நல்லாத்தான் இருக்கேன். ஏன்?"

"வாசல்ல காணோமே."

"அதான் மரத்தை இந்தப் பக்கம் திருப்பிட்டீங்களே" என்று சட்டென்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு நாக்கைக் கடித்து என்ன பயன்? இத்தனை நாளும் நான் தனக்காகத்தான் நின்றேன் என்று நினைத்திருக்கிறார். "ஓகோ" என்றவர், காபியைக் குடித்துவிட்டுச் சைக்கிளைத் துடைக்கப் போய்விட்டார்.

அடுத்த நாள் அந்த நேரம் வந்ததும் முற்றத்தில் இருப்புக் கொள்ளவில்லை. எதிரே மரம் அழகாகத்தான் இருந்தது. ஆனால் கண் தெருமுனையைத் தேடியது. எழுந்து போய் வெளியே நின்றேன், அந்தப் பச்சைக்கு முன்னால்.

சைக்கிள் திரும்பியது. பச்சையைப் பார்க்க நான் வெளியே வந்து நிற்க மாட்டேன் என்பது அவருக்குத் தெரியும். தெருமுனையிலிருந்தே மணியடித்துக்கொண்டு வந்தார்.