ஆறுதல் ஜெபத்தில் கழுதை

எங்கள் சபையில் சிறுவர் ஊழியத்துக்கு வரும் வாலிபப் பிள்ளைகளை இப்போது நடத்துகிறவன் நான். 'அண்ணனுக்கு மேடைப் பயமே கெடையாது' என்று அவர்கள் சொல்லும்போது மீசையைத் தடவிக்கொள்வேன். ஒன்பது வயதில் நான் பாடிய லட்சணத்தை அவர்கள் பார்த்ததில்லை.

திருச்சுழி ரோட்டை ஒட்டிய எங்கள் ஊரில் அப்போது ஓய்வுநாள் பள்ளியை நடத்தியது என் அத்தை. எங்கள் வகுப்புப் பையன் ஒருவன் மூன்று நாள் காய்ச்சலில் செத்துப்போனான். அன்றிலிருந்து அவன் அம்மா யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. பிள்ளைகள் போய்ப் பாடினால் வாயைத் திறப்பாள் என்று அத்தை நம்பினாள்.

"துக்க வீட்டுக்குப் பிள்ளைகளக் கூட்டிப் போனா அவுக என்னக்கா நெனப்பாக?" என்று கூட இருந்த டீச்சர் கேட்டார்.

"இதுகளோட சேந்துதான அவன் பாடுனான்" என்றாள் அத்தை.

மெதுவான துக்கப் பாட்டு ஒன்றை இரண்டு நாள் பழக்கினாள். எனக்குத் தொண்டை பெரிசு என்பதால் முதல் அடியை எடுத்துக்கொடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. "ஏலே, அங்க வந்து இளிச்ச, தோலை உரிச்சிருவேன்" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள்.

அவன் போட்டோவுக்கு முன்னால் வரிசையாக நின்றோம். அத்தை கண்ணைக் காட்டினாள். முதல் அடி, ராகம், என் பெயர், எல்லாம் எனக்கு மறந்துபோயின. திறந்த வாயிலிருந்து வந்தது, நோவாவின் கப்பலில் மிருகங்கள் ஏறும் பாட்டு. அதற்குக் குதிக்க வேண்டும். குதித்தேன். பின்னால் நின்ற பன்னிரண்டு பேரும் பழக்கதோஷத்தில் குதித்தார்கள். குரங்கும் தவளையும் யானையுமாகத் துக்க வீடு நிறைந்துவிட்டது. நிறுத்தினாலும் அடி, தொடர்ந்தாலும் அடி. ஆகவே இன்னும் சத்தமாகத் தொடர்ந்தேன்.

ஒருவழியாகப் பாட்டு முடிந்தது. "மன்னிச்சிருங்கக்கா, பய தெரியாத்தனமா..." என்று அத்தை தொடங்கினாள். அந்த அம்மா அவளைக் கவனிக்காமல் என்னைப் பார்த்தாள்.

"இதுல எம் மகன் என்னவாய்யா வருவான்?"

அவன் கழுதை. செத்தவனைக் கழுதை என்று சொல்ல நாக்கு வரவில்லை. "சிங்கம்" என்றேன்.

"இல்லய்யா, கழுதைன்னுல்ல சொன்னான்? தெனமும் இங்கனதான் நின்னு செஞ்சு காட்டுவான்." முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். "அவன் செய்யிற மாதிரி ஒரு தடவ செய்யிய்யா."

அடியிலிருந்து தப்பித்த சந்தோஷம் எனக்கு. அவன் செய்ததெல்லாம் ஒரு கழுதையா? வலது கை காதாக ஏறிவிடும். இடது கை மறந்துபோய், அப்புறம்தான் வந்து சேரும். கத்துவதற்கு முன்பே சிரித்துவிடுவான். நான் அப்படி விடுவேனா? இரண்டு கைகளையும் ஒரே நேரத்தில் தூக்கி, முழங்காலை மடக்கி, ரோடு வரைக்கும் கேட்கும்படி கத்தினேன். ஒரு பிசகு இல்லை.

அந்த அம்மா என் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போதும்யா."

எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

திரும்பும் வழியில் அத்தை என்னை அடிக்கவில்லை, யாரிடமும் பேசவும் இல்லை. என் கழுதை அவ்வளவு அருமையாக அமைந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். கருவேலங்காட்டைத் தாண்டுவதற்குள் இன்னும் இரண்டு தடவை கத்திக் காட்டினேன்.