டிரம்மில் விழுந்த ஒட்டுப்பால்

பெந்தோட்டைப் பக்கம் ஒரு ஹோட்டல் சமையலறையில் நாலைந்து வருஷம் வேலை செய்துவிட்டு வந்த என் மாமாவுக்கு, நிவித்திகலவில் எங்கள் இரப்பர் தோட்டத்தில் ஒருவருக்கும் சமைக்கத் தெரியவில்லையே என்ற பெருங்கவலை இருந்தது. அதைத் தீர்க்கத்தான் பழைய இரும்பு டிரம் ஒன்றை நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் உருட்டிக்கொண்டு வந்தார். அடியில் துளைகள் போட்டு, ஒவ்வொன்றுக்கும் தகரத்தில் மூடி வைத்தார். உள்ளே கரிக்கு ஒரு கம்பிக்கூடை, மேலே கோழியைத் தொங்கவிடக் குறுக்குக் கம்பி. முதல்நாள் வெறும் டிரம்மிலேயே தீ மூட்டி, பழைய பெயிண்ட் எல்லாம் எரிந்து உதிரும்வரை காய்ச்சினார். தாத்தா பார்த்துவிட்டு, "இதுக்கா ஒனக்கு ஹோட்டல்ல சம்பளம் குடுத்தாங்க?" என்று கேட்டார்.

ஆனால் கோழியைக் குறை சொல்ல முடியாது. தேங்காய்ச் சிரட்டைக் கரியை வெளியே கனியவைத்து, சாம்பல் பூத்தபிறகுதான் கூடையில் கொட்டுவார். அதன்மேல் மசாலாவுக்குப் பட்டை உரித்த கறுவாக் கட்டை இரண்டு, அதற்குமேல் ஒன்றுகூடக் கிடையாது. "காத்து கூடுனா தீ புடிச்சிரும், கொறைஞ்சா அணைஞ்சிரும்" என்று துளை மூடிகளை நகர்த்திக்கொண்டே இருப்பார். புகை மெல்லிசாக, இருக்கிறதா இல்லையா என்கிற மாதிரி வரவேண்டும். கொறக்காப் புளியும் மிளகும் தடவிய கோழி அந்தப் புகையில் தொங்கி இறங்கும்போது, கேலி பேசிய தாத்தாதான் முதலில் தட்டோடு வந்து நிற்பார்.

அந்த வருஷம்தான் சித்திக்கு மாப்பிள்ளை அமைந்தது. அம்மாவின் கடைசித் தங்கை அவள், பல்கலைக்கழகம் போவதற்கான ஏ.எல். பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை வீட்டாருக்குக் கொடகவெலயில் இரப்பர் ஷீட் வாங்கி விற்கும் கடை. பெண்ணைப் பார்த்ததும் பிடித்துப்போய், பரீட்சைக்கு முன்னாலேயே கல்யாணம் முடிய வேண்டும் என்று நின்றார்கள். கடைக்கு வரப்போகிறவளுக்குப் பரீட்சை எதற்கு என்பது அவர்கள் கேள்வி.

"எழுதி முடிச்சிட்டுக் கட்டிக்கிறேன்பா" என்று சித்தி கேட்டுப் பார்த்தாள்.

"நல்ல எடம் நமக்காகக் காத்துக்கிட்டு இருக்காது" என்று தாத்தா சொல்லிவிட்டார். அதன்பிறகு அவள் கேட்கவில்லை. புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொண்டு பக்கத்தைத் திருப்பாமல் உட்கார்ந்திருப்பாள். அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கூடவே, கல்யாணத்துக்குப் புதுச்சட்டை கிடைக்குமே என்ற சந்தோஷமும் இருந்தது.

நாள் குறிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வருவதாக இருந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கு மாமாவின் புகைக்கோழி.

எங்கள் லயத்தில் அடுப்புக்கு அடுப்பு ஒட்டுப்பால் டின் இருக்கும். இரப்பர் மரத்தில் வெட்டிய இடத்தில் காய்ந்து ஒட்டியிருக்கும் பாலை உரித்து எடுத்துவைப்பது. எங்கள் ஊர் மழையில் ஊறிய விறகுகூட அதில் ஒரு துண்டு வைத்தால் பற்றிக்கொள்ளும். கரும்புகையும் நாற்றமும் எங்களுக்குப் பழக்கம். மழைநாளில் சாவு விழுந்தால் சிதைக்கும் அதைத்தான் கூடைகூடையாகப் போடுவார்கள்.

அன்று காலையில் மாமா அந்த டின்னை எடுத்துச் சித்தியின் கையில் கொடுத்தார். "இது டிரம் பக்கம் வந்துறக்கூடாது. ஒரு துண்டு விழுந்தாலும் போதும், விருந்து நாசமாயிரும். வெளங்குதா?" என்றார். சித்தி தலையாட்டினாள். "ஒரே ஒரு துண்டு" என்று மறுபடியும் சொன்னார். அப்புறம் கோழியைத் தொங்கவிட்டார். வேன் பாலத்தைத் தாண்டி வரும் சத்தம் கேட்டதும், "குளிச்சிட்டு ஓடியாறேன், டிரம்மப் பார்த்துக்க" என்று அவளிடமே சொல்லிவிட்டுப் தண்ணீர்ப் பீலிக்கு நடந்தார்.

வந்தவர்கள் தேநீர் குடித்தார்கள். தாத்தா வெற்றிலைத் தட்டை முன்னால் நகர்த்தினார். அந்த நேரம் பார்த்துப் பின்பக்கக் கதவு வழியாகக் கரும்புகை சுருண்டு உள்ளே வந்தது. தோட்டத்தில் பிறந்து வளர்ந்த மாப்பிள்ளையின் அம்மாவுக்கு அது என்ன வாசம் என்று யாரும் சொல்லத் தேவையிருக்கவில்லை. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்துவிட்டார்.

"நல்ல காரியம் பேச வந்த எடத்துல சுடுகாட்டு வாசமா? எந்திரிங்க, போவோம்" என்றார் கணவரைப் பார்த்து.

"ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போங்க" என்று தாத்தா வாசல்வரை ஓடினார். சாப்பிட என்ன இருந்தது? கோழி தார் பூசியதுபோல் தொங்கிக்கொண்டிருந்தது. இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று இரண்டு நாளில் தரகர் வந்து சொல்லிவிட்டுப் போனார்.

அன்று வேன் போனதும் தாத்தா மாமாவைப் பிடித்துக்கொண்டார். மாமா தலையைத் துவட்டிக்கொண்டே, "பழக்க தோஷம்பா. கரி புடிக்கலயேன்னு நான்தான் ஒரு துண்டு போட்டேன்" என்றார். உதவாக்கரை, குடிகெடுத்தவன் என்று தாத்தா வாயில் வந்ததெல்லாம் விழுந்தது. மாமா பாட்டுக்குத் துவட்டிக்கொண்டேயிருந்தார். அடி விழாமல் அது முடிந்ததில் எனக்கு அப்பாடா என்றிருந்தது.

சாயங்காலம் எல்லோரும் இழவு வீடு மாதிரி உட்கார்ந்திருக்க, சித்தி என்னைப் பின்பக்கம் கூப்பிட்டாள். கோழியின் கருகிய தோலை உரித்துப் போட்டுவிட்டு, உள்ளே இருந்த இறைச்சியை எனக்கும் ஊட்டித் தானும் சாப்பிட்டாள். நாறத்தான் நாறியது. பல நாள் சோற்றை அளைந்துகொண்டிருந்தவள் அன்று எலும்பைக்கூட விடவில்லை. நல்ல இடம் கைநழுவிப்போன வருத்தத்தில் இப்படித்தான் பசிக்கும்போல என்று நினைத்துக்கொண்டேன்.

சித்தி பரீட்சை எழுதினாள். இப்போது ஓப்பநாயக்கவில் டீச்சர். தீபாவளிக்கு வந்தால், மாமா டிரம் பக்கத்தில் நிற்கும்வரை அவளும் அங்கேயேதான் நிற்பாள். ஒட்டுப்பால் கதையை இருவரும் ஒருநாளும் எடுத்ததில்லை.

மாமா அந்த டின்னைப் பள்ளத்தில் வீசியிருக்கலாம். பரணில் ஏற்றியிருக்கலாம். சித்தியின் கையில் கொடுத்தார். கொடுத்துவிட்டு, ஒரே ஒரு துண்டு போதும் என்று இரண்டாம் தடவையும் சொன்னார். ஜாக்கிரதையாக இருக்கத்தான் சொல்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.