சந்தனப் பொட்டின் எடை

போன கிழமை குழந்தையை நிறுக்கப் புளியந்தீவு ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனேன். காப்பைக் கழற்றினேன், அரைஞாணைக் கழற்றினேன், பிறகு நெற்றிப் பொட்டையும் முந்தானையால் அழிக்கப் போனேன். தாதி சிரித்துவிட்டாள்.

"பொட்டு எத்தின றாத்தல் வரும், தங்கச்சி?"

நீங்களும் சிரிக்கலாம். ஆனால் பொட்டுக்கு எடை உண்டென்பது பன்னிரண்டு வயதிலேயே எனக்குத் தெரியும்.

அப்பா அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கர். பழைய காசு சேர்ப்பதில் அவருக்குப் பைத்தியம். அதே பைத்தியம் பிடித்தவர் காத்தான்குடியில் புடவை வியாபாரம் செய்த முஸ்லிம் ஒருவர்; காக்கா, அண்ணன், என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். ஞாயிறுதோறும் எங்கள் வீட்டு மேசையில் சின்னத் தட்டார் தராசு ஏறும். வாவிக் காற்று தட்டை ஆட்டாமல் சன்னலைச் சாத்துவது என் வேலை. யாரும் கேட்காமலே மூச்சையும் அடக்கிக்கொண்டு நிற்பேன்.

ஒரு ஞாயிறு காக்கா ஒல்லாந்தர் வெள்ளிக்காசு ஒன்றைக் கொண்டுவந்தார். அதன் ஒரு பக்கத்தில் கப்பல். அப்பாவிடமும் அதே காசு உண்டு. அதன் எடை அப்பா காசுக் கணக்கு எழுதும் கொப்பியில் இருந்தது. அப்பா காக்காவின் காசை நிறுத்தார். அரைக் குன்றிமணி குறைந்தது.

"காக்கா, இது ஆரோ வார்த்த காசு போல கிடக்கு."

"எண்ட வாப்பாட பொட்டியில கிடந்த காசு இது. உங்களுக்கு நான் கள்ளக்காசு கொண்டு வருவனா?"

"நானா சொல்றன்? தராசு சொல்லுது."

"அப்ப தராசோடயே சினேகிதம் வச்சிக்கங்க." மேசையில் கிடந்த தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு எழுந்தார்.

அவர் வாசல் படலையைத் தாண்டினால் இனி வரமாட்டார். பெரியவர்கள் பேச்சில் வாய் வைக்கலாமா, அப்பா ஏசுவாரா என்று நாலு தரம் யோசித்துவிட்டுச் சொன்னேன்:

"அப்பா, உங்கட காசையும் ஒருக்கா நிறுத்துப் பாருங்க."

நிறுத்தார். அதுவும் அதே அரைக் குன்றிமணி குறைந்தது.

"இந்தா, உங்கடயும் கள்ளக்காசு!" என்றார் காக்கா.

அப்போதுதான் படிக்கல்லைப் பார்த்தேன். முந்தின கிழமை சரசுவதி பூசைக்குப் புத்தகங்களோடு தராசையும் வைத்து, படிக்கற்களுக்குச் சந்தனப் பொட்டு இட்டவள் நான்தான். குறைவாக இட்டால் குற்றமோ என்று ஒவ்வொன்றிலும் இரண்டு தரம் அப்பியிருந்தேன். எல்லார் கண்முன்னும் அது காய்ந்து கிடந்தது. பூசைப் பொட்டுப் படிக்கல்லின் பாரத்தைக் கூட்டும், காசை இலேசாகக் காட்டும் என்று யார் நினைப்பார்கள்?

அழுதுகொண்டே சொன்னேன். அப்பா படிக்கல்லைத் துடைத்து மறுபடி நிறுத்தார். இரண்டு காசுக்கும் முள் நட்டநடுவில் நின்றது. காக்கா தொப்பியைக் கழற்றினார்.

"கள்ளக்காசுக்குக் காரணம் நீதானா, புள்ள? கண்டுபிடிச்சதும் நீதானே, அழாத."

அப்பா காக்காவின் காசை வாங்கிக்கொண்டு, கொப்பியில் எடைக்குப் பக்கத்தில் 'மகள் சரிபார்த்தது' என்று எழுதினார். அதற்குப் பிறகு நான் பார்க்காமல் ஒரு காசும் கொப்பியில் ஏறவில்லை. பள்ளிக்கூடத்தில் எத்தனையோ பரிசு வாங்கினேன். ஒன்றும் அந்த இரண்டு சொல்லுக்கு ஈடில்லை.

இப்போது அப்பாவும் இல்லை, காக்காவும் இல்லை. தராசு யார் கைக்குப் போயிற்றோ. இந்த யுத்த காலத்தில் வெள்ளி கிடைக்காமல், காக்காவிடம் வாங்கிய அந்தக் கப்பல் காசை உருக்கித்தான் குழந்தைக்குக் காப்புச் செய்வித்தேன். சரியா, பிழையா என்று இன்னும் யோசிக்கிறேன். தட்டாரின் படிக்கல்லில் பொட்டு இருக்கிறதா என்று பார்த்த பிறகே காசைக் கொடுத்தேன்.

கப்பல் போய்விட்டது. சேதாரம் போக, காப்பின் எடை சரி.