நேற்று ஜெயித்ததற்கு இன்று போட்ட வெடி

அது மாசி மாதத்து ஒரு சனிக்கிழமை. நாள் கணக்கில் நான் பிசகுவதில்லை. அதற்கு முந்தின நாள் வெள்ளிக்கிழமை என்பது இந்த விஷயத்தில் முக்கியம். ஆகவே முதலிலேயே சொல்லிவைக்கிறேன். நான் அப்போது நான்காம் வகுப்பு.

சித்தப்பா லாரி ஓட்டினார். அருப்புக்கோட்டையில் லோடு ஏற்றிக்கொண்டு கொச்சி வரை போவார். அங்கே சரக்கு இறக்கக் காத்துக் கிடந்த நாள்களில் பழகியதுதான் கால்பந்து. திருச்சுழிப் பக்கத்து எங்கள் கரிசல் ஊரில் கபடி தெரியும், கிரிக்கெட் தெரியும். கேரளத்து அணி ஒன்று ஜெயிக்க வேண்டுமென்று கருப்பசாமிக்கு நேர்ந்துகொண்டவர் அவர் ஒருவர்தான். அவர் புண்ணியத்தில் நான் இரண்டாவது ஆளானேன்.

அந்த மாதம் அவர் லோடு எடுக்கவில்லை. தாத்தா முன்னறைக் கட்டிலில் கிடந்தார். டவுன் ஆஸ்பத்திரியில், வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்துப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். கஞ்சி இரண்டு கரண்டிக்கு மேல் இறங்கவில்லை. ஆனால் தினமும் சாயங்காலம் என்னை மட்டும் கூப்பிட்டு ஒன்று கேட்பார்.

“ஏத்தா, பந்தல்குடி பஸ்ஸு வந்துருச்சா?”

“வந்துட்டுப் போயிருச்சு தாத்தா. ஆறு பத்துக்கு.”

நிமிடம் பிசகாமல் சொல்கிறேன் என்பதால்தான் என்னிடம் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பந்தல்குடியில் இருந்தது அத்தை, தாத்தாவின் ஒரே மகள். ஐந்து வருஷத்துக்கு முன் அவள் தன் பிள்ளைக்குக் காதுகுத்து வைத்தாள். பத்திரிகையில் தாத்தாவின் பெயரைச் சம்பந்தி வீட்டார் பெயர்களுக்குக் கீழே அச்சடித்துவிட்டார்கள். தாத்தா போகவில்லை, தாய்மாமன்களான என் அப்பாவையும் சித்தப்பாவையும் போக விடவில்லை. பிள்ளையை வேறு யாரோ மடியில் உட்கார வைத்துக் காது குத்தினார்கள். “இனி எங்கய்யா செத்தாத்தான் அந்த வாசல மிதிப்பேன்” என்றாள் அத்தை. சொல் இங்கே வந்து சேர்ந்ததும் தாத்தா மகன்கள் இருவரையும் கையடித்துச் சத்தியம் செய்ய வைத்தார். அவளாக வந்தால் வரட்டும். ஒருவனும் போய்க் கூப்பிடக் கூடாது, போன் போடக் கூடாது.

வெள்ளிக்கிழமை ஆட்டத்தைச் சித்தப்பாவும் நானும் மாட்டுக்கொட்டத்தில் உட்கார்ந்து போனில் பார்த்தோம். சத்தத்தை அமர்த்தியிருந்தார். ஒன்றுக்கு ஒன்று என்று இழுத்துக்கொண்டே போய், முடியப்போகிற நேரத்தில் எங்கள் ஆள் தலையால் முட்டி உள்ளே போட்டான். சித்தப்பா தோளில் கிடந்த துண்டைச் சுருட்டி வாய்க்குள் திணித்துக்கொண்டார். கழுத்து நரம்பு புடைத்தது, கண்ணில் நீர் கட்டியது. சத்தம் மட்டும் வரவில்லை. பசுமாடு திரும்பிப் பார்த்தது. நானும் என் பாவாடை நுனியைக் கடித்துக்கொண்டேன். பிறகு அவர் முன்னறைக்குப் போய்த் தாத்தாவின் காலடியில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். தாத்தா தூக்கத்தில் ஒரு பெயரைச் சொன்னார். அது அத்தையின் பெயர்.

மறுநாள் காலை பத்து மணி. அம்மாவும் மற்றப் பெண்களும் களத்தில் மிளகாய் வற்றலைக் கிண்டிக்கொண்டிருந்தார்கள். தெருமுனையில் வெடித்தது. ஒன்று. சற்று நிறுத்தி இன்னொன்று. பிறகு மூன்றாவது.

எங்கள் ஊரில் மூன்று வெடி என்றால் சாவு. வெடிச் சத்தம் கேட்ட புஞ்சைக் காடுகளில் வேலை நிற்கும்; யார் என்று பார்த்துவிட்டு வெளியூர்ச் சொந்தங்களுக்குச் சொல்லிவிடுவார்கள். எங்கள் வீட்டில் யார் என்று யாரும் பார்க்க வேண்டியிருக்கவில்லை. வற்றலை அப்படியே போட்டுவிட்டு, கூந்தலை அவிழ்த்துக்கொண்டு பெண்கள் ஓடிவந்தார்கள். ஓடிவரும்போதே ஒருத்தி பந்தல்குடிக்குப் போன் போட்டுவிட்டாள்.

வந்து பார்த்தால் தாத்தா கண் விழித்துக் கிடந்தார். “யாரு போய்ட்டா?” என்று கேட்டார்.

தெருமுனையிலிருந்து வந்த சித்தப்பா, பந்தாட்டத்துக்காகத் தான் போட்ட வெடி என்றதும் அழ வந்தவர்கள் அவரைப் பிடித்துக்கொண்டார்கள். “ஏலே, பெத்த தகப்பன் இழுத்துக்கிட்டுக் கெடக்காரு. பந்து உருட்டுனதுக்கு வெடியா? அதுவும் மூணு?”

“டீம் ஜெயிச்சிருச்சு பெரியம்மா. சந்தோசத்துல போட்டுட்டேன்” என்றார். தலை குனிந்தே இருந்தது. வண்டி ஓட்டி ஓட்டிப் புத்தி மழுங்கிவிட்டது என்றார்கள், அதற்கும் தலையாட்டினார். ஏசியவர்களில் ஒருவருக்கும், பந்தல்குடிக்கு மறுபடி போன் போட்டு விஷயத்தைச் சொல்லத் தோன்றவில்லை.

அத்தை ஆட்டோ பிடித்து வந்துவிட்டாள். கையில் ரோஜா மாலை. வாசலிலேயே மாரில் அடித்துக்கொண்டு, “என்னப் பெத்த அய்யா, ஒத்த வார்த்த பேசாமப் போய்ட்டியளே” என்று கட்டிலில் விழுந்தாள்.

தாத்தாவின் கை மெல்ல எழுந்து அவள் தலையைத் தடவியது. “இந்த வெயில்ல ஏத்தா வந்த?” என்றார்.

ஒப்பாரி பாதியில் நின்றது. அத்தை தாத்தாவையே பார்த்தாள். பிறகு எழுந்து, கையிலிருந்த மாலையாலேயே சித்தப்பாவை அடித்தாள். இதழ்கள் அறையெங்கும் சிதறின.

“செத்தாத்தான வருவேன்னு சொன்னேன், பாவி!”

“உன்னய யாருக்கா கூப்புட்டா? எங்க டீம் ஜெயிச்சுச்சு, வெடி போட்டேன். சத்தியத்துக்கு ஒரு குத்தமும் வரல.”

ஊரே அவர் சொல்வதை நம்பாததுபோல் நின்றது. எனக்குப் பொறுக்கவில்லை. ஆட்டத்தைப் பார்த்த இன்னொரு சாட்சி நான்தானே. “ஆமா அத்த, நெசமாவே ஜெயிச்சோம். ரெண்டுக்கு ஒண்ணு” என்றேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். விவரம் முழுதாக இருக்க வேண்டும் என்ற புத்தி எனக்கு அப்போதே உண்டு. “ஆனா ஜெயிச்சது நேத்து சாயங்காலம்” என்றும் சொல்லிவிட்டேன்.

அத்தை தன் தம்பியைப் பார்த்தாள். அவர் தரையில் கிடந்த இதழ்களைப் பொறுக்கத் தொடங்கினார். சித்தப்பாவைக் காட்டிக்கொடுத்துவிட்டேன் என்று மட்டும் தெரிந்தது. எதில் என்று தெரியவில்லை. அத்தை மறுபடி அடிப்பாள் என்று பயந்தேன். அவளோ திரும்பிக் கட்டிலில் உட்கார்ந்து, “கஞ்சி இருக்கா மதினி?” என்று அம்மாவிடம் கேட்டாள். அன்று தாத்தா ஒரு கிண்ணம் முழுதும் குடித்தார்.

அதன் பிறகு அவர் ஒன்பது நாள் இருந்தார். அத்தை நாலு தடவை வந்து போனாள். சாவன்று காலையிலும் அவள்தான் பக்கத்தில் இருந்தாள்.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் அவளை பஸ் ஏற்றிவிடச் சித்தப்பாவோடு நானும் போனேன். மூவரும் புளிய மரத்தடியில் நின்றோம்.

“ஏலே, அடுத்த ஆட்டம் எப்ப?” என்று அத்தை கேட்டாள்.

“வார வியாழக்கெழமக்கா.”

“அன்னைக்கும் வருவேன். நாளைக்கும் வாரேன்.”

“வாக்கா. தோத்தாலும் வெடி போடுறேன்.”

தோற்றவர்கள் வெடி போடுவது கிடையாது என்று நான் திருத்தினேன். இரண்டு பேரும் சிரித்தார்கள். அத்தை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

அத்தைக்கு இந்த ஆட்டத்தைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை என்று முடிவு செய்தேன். மறுநாள் அவள் வந்து தாத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, எதிரில் நின்றுகொண்டு ஆட்ட விதிகளை முதலிலிருந்து விளக்கினேன். அவள் முகம் தாத்தாவை விட்டு அகலவில்லை. இத்தனை சொல்லியும் அத்தை கவனிக்கவே மாட்டேன் என்கிறாளே என்று எனக்கு வருத்தமாக இருந்தது.